படாத அடி என்று எழுதினேன்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு ஒருவரும் கேட்கக் கூடாது. யார் வெல்வது, யார் தோற்பது என்று பேசி வைத்துக்கொண்டுதான் அவர்கள் மேடையில் ஏறினார்கள். அது எனக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். தெரிந்துகொண்டுதான் தொண்ணூறுகளில் ஐந்து வருடம் பலெர்மோவில் இருந்தபடி ஜப்பான் மல்யுத்தப் போட்டிகளுக்கு விமர்சனம் எழுதினேன். அதற்காக நான் அன்றும் வெட்கப்படவில்லை, இன்றும் வெட்கப்படப் போவதில்லை.

இதை எழுத வைத்தவர்கள் பலெர்மோவில் இருக்கிற எங்கள் தமிழ் ஆட்களின் பிள்ளைகள். இங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள். பழைய போட்டிகளைத் தேடிப் பிடித்துப் பார்த்து, அதைப் பற்றிக் கதைத்துப் பதிவு செய்து இணையத்தில் போடுகிறார்கள். போன மாதம் மூன்று பேர் மைக்கோடு வீட்டுக்கு வந்தார்கள். அதில் ஒருத்தி கதிரையில் இருக்கும் முன்பே தொடங்கிவிட்டாள்.

"மாமா, அதெல்லாம் ஃபின்தோ தானே? பொய்ச் சண்டைக்கு என்னெண்டு புள்ளி போட்டனீங்கள்?"

"நாடகத்தில சாகிறவன் மெய்யாச் சாகிறானோ பிள்ளை? இல்லையே. ஆனா வீட்டை வந்து, அவன் வடிவாச் செத்தான், இவன் சாகத் தெரியாமல் செத்தான் எண்டு கதைக்கிறியளோ இல்லையோ?"

பிள்ளை சிரித்தாள். பிறகு மற்றவன் கேட்டான், "நீங்கள் எப்பவாவது பிழையா எழுதினனீங்களோ?" குசினிக்குள்ளிருந்து என் மனைவி ரஞ்சி, "ஓம், ஒருக்கா. அதைச் சொல்லாமல் உங்களை விடமாட்டார்" என்றாள். சொன்னேன். ஆனால் அவர்கள் போட்ட பதிவில் அது பாதிதான் இருந்தது; மிச்சத்தை நீளம் என்று வெட்டிவிட்டார்கள். ஆகவே முழுவதையும் நானே எழுதுகிறேன்.

நான் யாழ்ப்பாணத்தில் ஓர் ஆஸ்பத்திரியில், எலும்பு முறிந்தவர்களின் வார்டில் அட்டென்டனாக இருந்தவன். டாக்குத்தர் இல்லை, நேர்ஸும் இல்லை. டாக்குத்தர் விலகின மூட்டை இழுத்துப் பொருத்தும்போது நோயாளியை அமத்திப் பிடிக்கிற ஆள். பன்னிரண்டு வருடம் அமத்திப் பிடித்தேன். ஒரு முழங்கை எந்த இடம் வரைக்கும் போகும், எந்த இடத்தில் மனிதன் கத்துவான், எந்த இடத்துக்குப் பிறகு கத்தக்கூட மாட்டான் என்பது என் உள்ளங்கைக்குத் தெரியும். எண்பதுகளின் கடைசியில் பலெர்மோவுக்கு வந்தேன். வந்தவர்கள் எல்லாரும் செய்ததையே நானும் செய்தேன்: மாடிப்படி கழுவினேன்.

பலெர்மோவின் ஒரேத்தோப் பக்கம் நான் கூட்டித் துடைத்த இடங்களில் ஒன்று ஒரு நில அளவையாளரின் அலுவலகம். இத்தாலியில் அந்தத் தொழில்காரரை ஜெயோமெத்ரா என்று தொழிலின் பெயராலேயே கூப்பிடுவார்கள். நானும் அவரை வேறு பெயரால் கூப்பிட்டதில்லை. பகலில் காணி அளப்பார். பின்னேரங்களில் அதே மேசையில் மல்யுத்தத்துக்காக ஒரு மாத இதழ் நடத்துவார். போட்டோகொப்பி எடுத்துப் பின் அடித்த இதழ்தான், ஆனால் இத்தாலி முழுக்க அதைத் தபாலில் எடுப்பித்துப் படிக்கிற பைத்தியங்கள் இருந்தார்கள். ஒருநாள் நான் நிலம் துடைத்துக்கொண்டிருக்க, ரீவியில் ஒருவன் மற்றவனின் கையைத் தன் தொடைகளுக்கிடையில் வைத்து நீட்டி முறிக்கிற மாதிரிப் படுத்திருந்தான். கீழே கிடந்தவன் அலறினான். நான் துடைக்கிற தடியைச் சுவரில் சாத்திவிட்டு என் உடைந்த இத்தாலியனில் சொன்னேன்: "அவருக்கு நோகேல்லை. பெருவிரல் பக்கத்தைப் பாக்குது. மேலே பாத்தால்தான் முழங்கை பூட்டுப்படும்."

ஜெயோமெத்ரா ரீவியை நிறுத்தினார். தன் கையை நீட்டினார். "செய்து காட்டுங்கள்" என்றார். காட்டினேன். மனிதர் வெள்ளைவெளேர் என்று ஆகிவிட்டார், ஆனால் சத்தம் போடவில்லை. கையைத் தடவிக்கொண்டே எனக்கு ஒரு கதிரை இழுத்துப் போட்டார். அன்றிலிருந்து கிழமையில் மூன்று பின்னேரம் நான் அந்தக் கதிரையில் இருந்தேன். மற்ற நேரமெல்லாம் மாடிப்படிதான்.

எந்த வகை மல்யுத்தம் என்று சொல்ல வேண்டும். முகமூடி, கயிற்றில் ஏறிக் குதிப்பது, கதிரையால் அடிப்பது, இவை ஒன்றும் அதில் இல்லை. இரண்டு பேர், வெறும் கறுப்புக் காற்சட்டை. மூட்டைப் பூட்டி எதிராளியைச் சரணடைய வைக்கலாம், அல்லது அடித்து விழுத்திப் பத்து எண்ணும்வரை எழும்பவிடாமல் செய்யலாம். முகத்தில் கைமுட்டியால் குத்தக் கூடாது, உள்ளங்கையால் அடிக்கலாம். பூட்டில் மாட்டியவன் கயிற்றைத் தொட்டால் மற்றவன் விட வேண்டும், ஆனால் தொட்டவனுக்கு ஒரு புள்ளி போகும். முடிவு மட்டும் முன்பே பேசியது. அடி உண்மையான அடி. அதுதான் அவர்களின் மானம். வேறு மல்யுத்தத்தில் கை படாமல் ஒருவன் விழுந்தால் சனம் சிரித்துவிட்டுப் போகும். இந்த வகையில் அப்படி விழுந்தவன் தொழிலை ஏமாற்றியவன்.

ஜெயோமெத்ரா குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கழுத்துப்பட்டி கட்டாமல் அவர் ஒரு கசெற்றையும் பார்த்ததில்லை. ஜப்பானிலிருந்து வருகிற அசல் கசெற்றுகளை இரும்பு அலுமாரியில் பூட்டிவைத்து, இத்தாலி டெக்கில் ஓடக்கூடியதாக மாற்றிப் பதிந்த பிரதியைத்தான் எனக்குத் தருவார். நான் விமர்சனத்தைத் தமிழில் கொப்பியில் எழுதி வைத்திருந்து இத்தாலியனில் வாயால் சொல்ல, அவர் தட்டச்சு செய்வார். தட்டச்சு செய்த தாளின் மேல் அளவுகோலை வைத்துப் பார்ப்பார். "சிஞ்ஞோர் தவராசா, இரண்டு சென்ரிமீற்றர் கூட. ஒரு கோபத்தைக் குறையுங்கள்" என்பார். நான் ஒரு கோபத்தைக் குறைப்பேன்.

ஒவ்வொரு போட்டியையும் மூன்று தரம் பார்ப்பேன். முதல் தரம் சத்தத்தை நிறுத்திவிட்டு. சனத்தின் ஆரவாரம் கண்ணைக் கெடுக்கும். இரண்டாம் தரம் கையில் மணிக்கூட்டோடு, எந்தப் பூட்டு எவ்வளவு நேரம் என்று. மூன்றாம் தரம் அடி வாங்குகிறவனை மட்டும். அடிக்கிறவன் எப்படியும் நடிக்கலாம், வாங்குகிற உடம்பு நடித்தால் எனக்குத் தெரியும். மூன்றும் முடிந்தால் பத்துக்கு ஒரு புள்ளி. இதழில் என் பெயர் வராது. "இல் கிருர்கோ", அதாவது சத்திரசிகிச்சைக்காரர், என்று வரும். அது ஜெயோமெத்ரா வைத்த பெயர். படி கழுவுகிற தமிழனின் தீர்ப்பை யார் நம்புவார் என்று அவர் வாயால் சொல்லவில்லை. எனக்கும் அப்போது அந்தப் பட்டம் இனித்தது, பொய் சொல்லமாட்டேன்.

போட்ட புள்ளியை நான் மாற்றினதில்லை. மிலானோவிலிருந்து ஒரு கூட்டம், தங்கள் நாயகனுக்கு நான் நாலு போட்டேன் என்று கட்டுக் கட்டாகக் கடிதம் அனுப்பியது. ஜெயோமெத்ரா அத்தனையையும் மேசையில் அடுக்கி, "என்ன செய்வோம்?" என்றார். "நாலு கூடிப்போச்சோ எண்டுதான் எனக்கு யோசனை" என்றேன். அவர் கடிதங்களைக் குப்பையில் போட்டார். எங்கள் ஆட்களும் சும்மா விடவில்லை. கலியாண வீடுகளில், "தவராசா அண்ணை சண்டை பாத்துச் சம்பளம் எடுக்கிறார், எங்களுக்கும் ஒரு வேலை பாத்துத் தாருங்கோவன்" என்று பகிடி பண்ணுவார்கள். பண்ணட்டும். இத்தாலியில் என்னைக் கேட்டு ஒரு ஆள் ஒரு முடிவு எடுத்தது அந்தக் கதிரையில்தான். மற்ற எல்லா இடத்திலும் எனக்குச் சொன்னார்கள், நான் செய்தேன்.

இப்போது நீனோவுக்கு வருகிறேன். நீனோ பலெர்மோக்காரன், பல்லரோச் சந்தையில் தமையனோடு பழக்கடை. கழுத்தும் தோளும் ஒன்றாகிவிட்ட உருவம். நல்ல மல்யுத்தக்காரன் என்று ஜப்பான்காரர் கூப்பிட்டு மூன்று முறை போய் வந்தவன். மூன்றாம் முறை போனது கடைசிப் போட்டிக்கு. தன்னைவிடப் பதினைந்து வயது குறைந்த ஒரு ஜப்பான் பையனிடம் தோற்றுவிட்டு வர வேண்டும், அதுதான் பேச்சு. வயது போனவன் இளையவனைத் தூக்கிவிட்டு விலகுவது அங்கே வழக்கம். கசெற் மாசி மாதம் வந்தது.

சத்தமில்லாமல் பார்த்தேன். பதினொரு நிமிடம் போனது. பையன் வலது உள்ளங்கையை வீசினான். நீனோவின் முகத்துக்குப் பக்கத்தில் கை வந்தது, அடுத்து கை அந்தப் பக்கம் இருந்தது. இடையில் பட்டதை நான் காணவில்லை. நீனோ நின்றான். முன்னுக்கு ஒரு காலடி வைத்தான், இன்னொன்று வைத்தான். அதன் பிறகுதான் விழுந்தான். அடி பட்டவன் பட்ட இடத்தில் விழ வேண்டும், அல்லது நிற்க வேண்டும். இவன் யோசித்துவிட்டு விழுகிறான் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திருப்பித் திருப்பிப் பார்த்தேன், மெதுவாக ஓடவிட்டும் பார்த்தேன். மூன்றாம் தரம் வாங்குகிறவனைப் பார்க்க வேண்டியவன், கோபத்தில் மூன்று தரமும் அந்தக் கையையே பார்த்தேன். "காற்றுப் பட்டு விழுந்தார்" என்று தலைப்புச் சொன்னேன். பத்துக்கு இரண்டு. ஜெயோமெத்ரா அளவுகோலைக்கூட எடுக்கவில்லை, அப்படியே போட்டார்.

வழமையாக எங்கள் இதழைச் சந்தையில் ஒருவரும் வாங்கமாட்டார்கள். அந்த மாதம் அட்டையில் நீனோவின் படம், பல்லரோ முழுக்க வாங்கியது. ஒரு சனிக்கிழமை ரஞ்சி மரக்கறிப் பையோடு வந்து வாசலிலேயே நின்றாள்.

"இஞ்சேருங்கோ, உந்த நீனோவைப் பற்றி என்ன எழுதினனீங்கள்?"

"கண்டதை எழுதினன்."

"அங்கை அவனைப் போட்டு வாட்டுறாங்கள். மீன்காரன் நிண்டு கூவுறான், காத்துப் பட்டு விழுந்த மந்தரீன், மலிவு, வாங்கோ எண்டு. அவன் ஒரு கதையும் கதைக்காமல் பழத்தை அடுக்கிறான். எனக்கு அந்தக் கடைக்கு முன்னால போகேலாமல் கிடக்கு. மற்றப் பக்கத்தால சுத்தி வாறன்."

"நீ ஏன் சுத்திறாய்? எழுதினது நானெண்டு அங்கை ஆருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியுமே" என்றாள் ரஞ்சி.

எனக்கு விசர் வந்தது. பட்டிருந்தால் பட்டது என்று எழுதியிருப்பேன். படவில்லை, நான் என்ன செய்ய? நான் ஒருவருக்கும் ஒளித்துத் திரிகிறவன் இல்லை என்று காட்ட, அடுத்த நாளே வேண்டுமென்று அந்தக் கடைக்குப் போனேன். ஊருக்கு வெளியே சியாகுல்லித் தோட்டங்களில் பிந்திப் பழுக்கிற மந்தரீன் தோடம்பழங்கள் இலையோடு குவிந்திருந்தன. நீனோவின் இடப் பக்கம் நின்று ஒரு கிலோ கேட்டேன். அவன் திரும்பவில்லை. மறுபடி கேட்டேன். திரும்பவில்லை. நான் யாரென்று அறிந்துதான் அவமானப்படுத்துகிறான் என்று நினைத்து, "நான் என்ன, காசில்லாமல் கேட்டு வந்தனானோ?" என்று சத்தம் போட்டேன். தமையன் ஓடி வந்தான்.

"கோவியாதையுங்கோ. அந்தக் காது அவனுக்குக் கேக்காது. மற்றப் பக்கம் வாங்கோ."

மற்றப் பக்கம் போனேன். போகும்போது பார்த்தேன், இடது காதுக்குள் பஞ்சு வைத்திருந்தான். ஆஸ்பத்திரி வாய் சும்மா கிடக்குமா, கேட்டுவிட்டேன்.

"எப்ப தொடக்கம்?"

"ஜப்பானில இருந்து" என்றான் நீனோ. "கடைசிச் சண்டை. செவிப்பறை கிழிஞ்சு போச்சு எண்டு அங்கையே சொன்னவை. இப்பவும் கட்டிலால எழும்பினால் நிலம் சுத்துது."

"அப்ப ஏன் உந்தச் சனத்துக்கு அதைச் சொல்லேல்லை?"

"தோத்துப்போட்டு வந்தவன் காதைக் காட்டிக்கொண்டு திரியிறதோ?" என்று சொல்லி, பழத்தை நிறுத்தான்.

நான் பழத்தை வாங்கிக்கொண்டு எப்படி வீட்டுக்கு வந்தேன் என்று நினைவில்லை. அவன் விழுந்த மாதிரி விழுந்தவர்களை நான் என் கையால் தூக்கியிருக்கிறேன். ஷெல் விழுந்த நாட்களில் யாழ்ப்பாணத்தில் எங்கள் ஆஸ்பத்திரி வாசலுக்கு வருவார்கள், உடம்பில் ஒரு கீறலும் இராது. "எனக்கு ஒண்டுமில்லை, மற்றாக்களைப் பாருங்கோ" என்பார்கள். ஒரு காலடி, இன்னொரு காலடி, பிறகு முழங்கால் இரண்டும் மடிந்து விழுவார்கள். காதுக்குள் அடி பட்டவன் அப்படித்தான் விழுவான். பலெர்மோவில் அதைக் கண்டவுடன் அறிந்திருக்க வேண்டிய ஒரே ஒரு ஆள் நான். அந்த ஆள்தான் அவனை நடிகன் என்று எழுதினான். எனக்கு என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும் போல இருந்தது.

ஆனால் கை படாததைக் கண்ணால் கண்டேனே? அதையும் விட எனக்கு மனமில்லை. ஜெயோமெத்ராவிடம் போய் அசல் கசெற்றைக் கேட்டேன். ஐந்து வருடத்தில் அசலைக் கேட்டது அதுதான் முதல் தரம். "மறு அளவை கேட்டால் மறுக்கக் கூடாது" என்று சொல்லி அலுமாரியைத் திறந்து தந்தார்.

பல்லரோவுக்குப் பக்கத்துத் தெருவில் குணம் தமிழ்ப்படக் கசெற் கடை வைத்திருந்தான். அவனுக்கு எல்லா நாட்டிலிருந்தும் கசெற் வரும், ஆகவே எல்லா நாட்டுக் கசெற்றும் ஓடுகிற டெக் அவனிடம் இருந்தது. அசலைப் போட்டு ஒவ்வொரு படமாக நகர்த்தினோம். கை வருகிறது. அடுத்த படத்தில் உள்ளங்கை முழுதாக நீனோவின் காதின் மேல், கன்னம் நெளிந்து கிடக்கிறது. அடுத்த படத்தில் கை அந்தப் பக்கம்.

"அண்ணை, கசெற்றை மாத்திப் பதியேக்கை இந்தப் படத்தைத் தின்னுப்போட்டுது" என்றான் குணம். "ஜப்பான் கசெற்றில செக்கனுக்கு முப்பது படம். இஞ்சை இருபத்தைஞ்சு. மாத்திப் பதியேக்கை ஆறுக்கு ஒண்டு பறந்துபோகும். உங்கட ராசி, பறந்தது அதுதான்."

என் ராசியில்லை, நீனோவின் ராசி. மற்றநாள் பின்னேரம் ஜெயோமெத்ராவை அங்கேயே கூட்டிவந்தேன். கழுத்துப்பட்டியோடு, சுவர் முழுக்க ஒட்டியிருந்த சினிமாப் படங்களுக்கு நடுவில் நின்று, அந்த ஒரு படத்தை நாலு தரம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பட்டிருக்கிறது" என்றார்.

"அடுத்த இதழில போடுவம். முதல் பக்கத்தில."

"இல்லை, சிஞ்ஞோர் தவராசா."

"என்ன இல்லை?"

"ஓர் அளவையாளன் எல்லைக்கல்லை நட்டுவிட்டு, அடுத்த மாதம் வந்து, மன்னிக்க வேண்டும், கல் பிழையான இடத்தில் நிற்கிறது என்று சொன்னால், அவன் அதுவரை நட்ட எல்லாக் கல்லையும் சனம் பிடுங்கும். இல் கிருர்கோ பிழை விடுவதில்லை. அதனால்தான் அவரைப் படிக்கிறார்கள்."

"ஜெயோமெத்ரா, நான் யாழ்ப்பாணத்தான். காணி எல்லையைப் பற்றி எனக்கு நீங்கள் சொல்லித் தர வேண்டாம். கல்லைப் பிழையான இடத்தில விட்டால் ஒருத்தன்ர காணி போகுது. அந்தாள் கடையில நிண்டு பேச்சு வாங்குது."

"கொஞ்ச நாளில் மறந்துவிடுவார்கள்."

"அவன் மறப்பானோ? நான் மறப்பனோ?"

அவர் அப்போதும் குரலை உயர்த்தவில்லை. "இல் கிருர்கோ நீங்கள் இல்லை" என்றார். "அவரை நான் உண்டாக்கினேன். அவர் பெயரில் ஒரு திருத்தமும் வராது. உங்கள் பெயரில் எங்கே வேண்டுமென்றாலும் எழுதுங்கள். ஆனால் எழுதினால், அந்தக் கதிரை உங்களுக்கு இல்லை. வெள்ளிக்கிழமைக்குள் யோசித்துச் சொல்லுங்கள்."

குணம் டெக்கைப் பார்த்துக்கொண்டு நின்றான். அந்தக் கதிரை போனால் நான் படி கழுவுகிறவன் மட்டும்தான், அது எனக்கு வடிவாகத் தெரியும். அவர் கையை நீட்டி அசல் கசெற்றைக் கேட்டார்.

"திங்கட்கிழமை கொண்டு வந்து தாறன்" என்றேன். "சனிக்கிழமை எனக்கு அது தேவை."

அவருக்கு விளங்கியது. நீட்டிய கையை மடக்கிக்கொண்டு, குணத்துக்கு மரியாதையாக வணக்கம் சொல்லிவிட்டுப் போனார். திங்கட்கிழமை கசெற்றைக் கொண்டுபோய்க் கொடுத்தேன், வாசலில் நின்று வாங்கினார். உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை. அதன் பிறகு இல் கிருர்கோவாக வேறு யாரோ எழுதினார்கள். நான் படி கழுவித்தான் ஓய்வூதியம் வரைக்கும் வந்தேன். இதைச் சொல்லும்போது பிள்ளைகள் என்னைப் பாவம் பார்க்கிற மாதிரிப் பார்த்தார்கள். பாவம் பார்க்கத் தேவையில்லை. என்னைத் துரத்தவில்லை, நான் எழும்பி வந்தேன்.

அந்தச் சனிக்கிழமை காலை, சந்தை நிறைந்த நேரம், நானும் குணமும் ரீவியையும் டெக்கையும் கைவண்டியில் வைத்து உருட்டிக்கொண்டு பல்லரோவுக்குள் போனோம். ரஞ்சியும் வந்தாள். "வாயைக் குடுத்து வாங்கிக் கட்டப் போறியள், பக்கத்தில ஒரு ஆளாவது நிக்கட்டும்" என்றாள். இறைச்சிக்கடைக்காரன், கால்பந்தாட்டம் காட்டப்போகிறோம் என்று நினைத்துக் கரண்ட் தந்தான். ரீவியை மந்தரீன் பெட்டிகளுக்கு முன்னால் வைத்தோம். சனம் கூடியது. நீனோவின் வலப் பக்கம் போய் நின்று சொன்னேன்.

"இல் கிருர்கோ எண்டு எழுதினது நான். காத்துப் பட்டு விழுந்தாய் எண்டு எழுதினது நான். என்ர பெயர் தவராசா. படி கழுவுறனான்."

தமையன் என் சேர்ட்டுக் கழுத்தைப் பிடித்துவிட்டான். ரஞ்சி தமிழில் அவனைத் திட்டினாள். நீனோ ஒரு கையால் தமையனை விலக்கினான். அடிக்கப் போகிறான் என்றுதான் நினைத்தேன், அடித்திருந்தாலும் வாங்கியிருப்பேன். அவன் அடிக்கவில்லை. "என்னத்துக்கு வந்தனீ?" என்றான்.

"பிழை எண்டு சொல்ல. சும்மா சொல்லேல்லை, காட்டிப்போட்டுச் சொல்லுறன்."

குணம் படத்தை ஒவ்வொன்றாக நகர்த்தி, அந்தப் படத்தில் நிறுத்தினான். ரீவியில் கோடு கோடாக நடுங்கினாலும், உள்ளங்கை காதின் மேல் இருந்தது தெளிவாகத் தெரிந்தது. காணாமல் போன படத்தின் கதையை நான் சொன்னேன். என் இத்தாலியன் போதாமல் தடுமாறிய இடத்தில் இறைச்சிக்கடைக்காரன் சிசிலியனில் எடுத்துச் சொன்னான். கூவிக்கொண்டிருந்த மீன்காரன் வந்து, குனிந்து, மூக்கு முட்டப் பார்த்தான். பிறகு தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பின்னால் போய் நின்றான்.

நீனோ அதுவரை அந்தப் போட்டியைப் பார்த்திருக்கவில்லை. "திருப்பிப் போடு" என்றான். குணம் போட்டான். "அந்தக் கைக்குப் பிறகு நான் ரண்டு காலடி வைக்கிறன். அதை ஏன் ஒருத்தரும் எழுதேல்லை? இந்த அடிக்குப் பிறகு உங்கள் ஆரால ரண்டு காலடி வைக்கேலும்?"

உண்மை. அந்த இரண்டு காலடியைத்தான் நான் நடிப்பு என்று எழுதியிருந்தேன். மந்தரீன் சுற்றுகிற மண்ணிறத் தாள் ஒன்றை இழுத்தேன், தமையனின் பேனையை வாங்கினேன். இத்தாலியனில் என் கையாலேயே எழுதினேன்: அடி பட்டது. இடது காது. செவிப்பறை கிழிந்த மனிதன் விழாமல் இரண்டு காலடி முன்னுக்கு வந்தான், பின்னுக்குப் போகவில்லை. முன்பு நான் எழுதியது பிழை. எழுத்துப் பிழைகள் இருந்திருக்கும். சத்தமாக வாசித்தேன்.

"புள்ளி?" என்றான் மீன்காரன். "எத்தினை புள்ளி?"

சனம் பத்து, பத்து என்று கத்தியது. தமையன் பத்து விரலையும் என் முகத்துக்கு முன்னால் விரித்தான். குணம் என் காதுக்குள், "அண்ணை, போட்டிட்டு வாங்கோ, உயிரோட வீட்டை போவம்" என்றான். நான் அந்தப் போட்டியை அந்தக் கிழமை மறுபடி மூன்று தரம் பார்த்திருந்தேன். இந்த முறை வாங்குகிறவனைப் பார்த்தேன்.

"ஆறு" என்றேன்.

சந்தை ஊளையிட்டது. ரஞ்சி கண்ணை மூடிக்கொண்டாள். நான் நீனோவைப் பார்த்து மட்டும் சொன்னேன். "முதல் ஏழு நிமிசம் நீ வலது காலைக் காக்கேல்லை. ரண்டு தரம் சும்மா கயித்தைத் தொட்டனீ, பூட்டு விழ முதலே. களைச்சுப்போனாய். ஆறுக்கு மேல என்னால போடேலாது."

நீனோ குனிந்து தன் வலது காலைப் பார்த்தான். பிறகு சனத்தின் பக்கம் திரும்பி, கையை உயர்த்திச் சத்தத்தை அமத்தினான்.

"ஆறு சரி" என்றான். "கால் முதலே போயிட்டுது."

நான் தாளின் அடியில் ஆறு என்று போட்டு, என் முழுப் பெயரையும் எழுதிக் கொடுத்தேன். நீனோ அதை வாங்கி, கடைக்குப் பின்னால் ஒளித்து வைக்கவில்லை. மந்தரீன் பெட்டிகளுக்கு மேலே, வருகிறவர் போகிறவர் எல்லாரும் வாசிக்கக் கூடிய உயரத்தில், ஆணியில் குத்திவைத்தான்.